கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம்

கடம்பவாசல் நகரம் மூன்று மாவட்டங்களின் மேல் குறுக்கே படுத்திருந்தது. தலை வடகரை மாவட்டத்தில், வயிறு தென்கரை மாவட்டத்தில், நீட்டிய கால்கள் மேட்டுப்புறம் மாவட்டத்தில். அது அப்படிப் படுத்துவிட்ட பிறகுதான் அரசாங்கம் கவனித்தது. கவனித்தபோது எழுப்பி நேராகப் போட முடியாத அளவுக்கு ஊர் கனத்துப்போயிருந்தது. அதனால் அங்கே அடுப்பு ஒரு மாவட்டத்திலும் கழிப்பறை இன்னொரு மாவட்டத்திலும் உள்ள வீடுகள் உண்டு. அடைமழை நாளில் தெருவின் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறையும், எதிர்ப்பக்கத்தில் அந்த மழையே பெய்யாதது போல அங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டு. குடும்ப நீதிமன்றங்களும் மூன்று உண்டு. வடகரையில் அது பழைய தானியக் கிடங்கில் நடந்தது, தென்கரையில் சொந்தக் கட்டடத்தில் நடந்தது, மேட்டுப்புறத்தில் சொந்தக் கட்டடம் வரும்வரை என்று சொல்லி ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்தது. அங்கே நீதிபதி மணமேடையில் உட்கார்ந்தார், பிரிய வந்தவர்கள் ‘நல்வரவு’ வளைவின் கீழ் நுழைந்து பந்தி நாற்காலிகளில் காத்திருந்தார்கள்.

இந்த ஊரில் தையல்நாயகி என்று ஒரு அம்மாள், நர்சுகள் விடுதியில் சமைத்து ஓய்வு பெற்றவள், எட்டாவது வரை படித்தவள், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட உரக்கச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடப்பவள், அறுபத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்தாள். மாப்பிள்ளை தேவசகாயம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், மனைவியைப் பறிகொடுத்தவர். அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசையில் இருவருக்கும் பழக்கம். முதல் மாதம் அவர் தன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தார், அடுத்த மாதம் அவள் தன் குடையை வைத்து அவருக்கு இடம் பிடித்தாள், இப்படிப் பையும் குடையுமாக இரண்டு வருடம் போன பிறகு, இனி ஒரே பையாக வைத்துக்கொண்டால் என்ன என்று அவர் கேட்டார்.

அவர் கிறிஸ்தவ வேதக்காரர், அவள் இந்து என்பதால் பதிவுத் திருமணம். நோட்டீசு கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் நோட்டீசு செத்துவிடும். அதற்குள் தேவசகாயத்தின் மகன் ஓசூரிலிருந்து வந்து அப்பாவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போக வேன் பேசியிருந்தான். ‘கல்யாணம் ஆனா இருங்க, ஆகலன்னா கிளம்புங்க’ என்று மகன் சொன்னது நியாயம்போலத்தான் இருந்தது. மறுத்துப் பேச அவருக்கும் வராது, போகாதீங்க என்று சொல்ல அவளுக்கும் வராது.

பதிவு அலுவலகத்து உதவியாளர் காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“அம்மா, நீங்க விவாகரத்து ஆனவங்கன்னு போட்டிருக்கு. தீர்ப்போட சான்றிட்ட நகல் எங்க?”

“வெள்ளத்துல போயிருச்சுங்க. ஆனா ஆயிருச்சு. இருபத்தேழு வருஷம் ஆவுது.”

“ஆயிருச்சுன்னு நீங்க சொன்னா ஆயிருமா?”

“நான் வேணா சாட்சி சொல்றேன் சார்,” என்றார் தேவசகாயம்.

“நீங்க மாப்பிள்ளை. மாப்பிள்ளை பொண்ணுக்குச் சாட்சி சொன்னா அது கல்யாணப் பத்திரிகை, சாட்சி இல்ல. கோர்ட்டுல நகல் வாங்கிட்டு வாங்க. கட்டு எங்க இருக்கோ, தேடிப் பிடிங்க.”

தேடிப் பிடிங்க என்று அவர் சொன்னது கோபத்தில் அல்ல. போன வருடம் ஆனி மாதத்திலிருந்து கடம்பவாசலில் எல்லாருக்கும் சொல்லப்படுவதுதான் அது. மூன்று மாவட்டத்து வழக்குக் கட்டுகளையும் ஒரே இடத்தில் வைக்க ஒருங்கிணைந்த ஆவணக் காப்பகம் என்று ஒன்று கட்டினார்கள். பந்தல் போட்டு, ரிப்பன் கட்டி, மைக்கில் ஒருவர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே, லாரிகளில் இருந்த குடும்ப நீதிமன்றக் கட்டுகள் அத்தனையும், நாடாக்கள் தரையில் இழுபட, பூனைகள் போலச் சத்தமில்லாமல் இறங்கிக் கலைந்தன. கூட்டமாகப் போகவில்லை. தனித்தனியாக, அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறவர்களைப் போல, சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் சாலையைக் கடந்து, சந்துகளில் திரும்பி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டு வாசலில் ஏறி, உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலோ பரணிலோ அரிசி டின்னுக்குப் பின்னாலோ உட்கார்ந்துகொண்டது. வரவேற்புரை ஆற்றியவர் முழுவதும் ஆற்றி முடித்தார்.

ஏன் போயின என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அரசாங்கக் கட்டடத்தில் இருக்கச் சொன்னால் யார்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். எங்கே போயின என்பதுதான் பேச்சாக இருந்தது. ஒவ்வொரு கட்டும், அதற்குள் இருக்கும் கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்துக்குப் போயிருந்தது.

முதல் வாரம் வீடுகளில் சூடம் கொளுத்தினார்கள். இரண்டாவது வாரம் கட்டின் மேல் துவைத்த துணியை மடித்து வைத்தார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு வீட்டில் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முட்டுக் கொடுத்தார்கள். கட்டுகள் எதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை, இடத்தை விட்டு நகர்த்தினால் மட்டும் மறுநாள் காலையில் பழைய இடத்திலேயே இருந்தன. இப்போது குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி வாய்ச்சண்டை போட்டால் கட்டுக்குள் தாள்கள் சலசலவென்று புரண்டன, தெரிந்த கதையைக் கேட்டுத் தலையாட்டுவது போல. அது பிடிக்காமல் ஜனங்கள் சண்டையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுத் தரகர்கள் கட்டு வந்த வீடு, கட்டு வராத வீடு என்று இரண்டு ரகம் பிரித்தார்கள். மழைக்காலம் வந்ததும் மேட்டுப்புறத்துக் கவுன்சிலர் ஒருவர் கட்டுகள் நனையாமல் இருக்க, தன் படம் போட்ட பிளாஸ்டிக் உறை இலவசமாகக் கொடுத்தார். வீட்டுக்குள் இருக்கும் கட்டு எப்படி நனையும் என்று கேட்ட பெண்மணிக்கு இரண்டு உறை கொடுத்தார்.

வக்கீல்களுக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் எந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டதோ அங்கே மனுப் போடலாம் என்பது சட்டம். மூன்று மாவட்டத்து ஊரில் அந்தச் சட்டம் நல்ல வசதி. எந்தக் கோர்ட்டுக்கு நேர் பஸ் இருக்கிறது, எந்த நீதிபதி மத்தியானம் தூங்குவதில்லை, எந்தக் கோர்ட்டு எதிரில் தோசை நன்றாக இருக்கும் என்று பார்த்து, அதற்கு ஏற்ற முகவரியை மனுவில் எழுதிக்கொள்வது கடம்பவாசலின் பழக்கம். தென்கரையில் கருப்பண்ணன் மாவு மில் என்று ஒன்று இருந்தது. மில்காரர் ஒரு வக்கீலின் தாய்மாமன். மனுக்களின்படி எண்பத்தாறு ஜோடிகள் அந்த மாவு மில்லில்தான் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தார்கள். கட்டுகள் கிளம்பின அன்று மில்காரர் இடம் ஒழித்துப் பெருக்கி வைத்துக் காத்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை. கட்டுகள் தங்களுக்குள் எழுதியிருந்ததைப் படிக்காமல் உண்மையான இடத்துக்குப் போயிருந்தன. ஒன்று லாட்ஜ் அறையில் இருந்தது. ஒன்று மாமியார் வீட்டு மாட்டுக் கொட்டிலில் இருந்தது. சினிமாக் கொட்டகையாக இருந்து ஜவுளிக்கடையாக மாறிவிட்ட கட்டடத்தில், பழைய பால்கனி இருந்த உயரத்தில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டுகள் வெளியேறியதாகக் கருதக் கூடாது, ஆவண அறையே நகரம் முழுவதற்கும் விரிந்துவிட்டதாகக் கருத வேண்டும். கட்டு எந்த மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த மாவட்டத்து நகல் எழுத்தர்தான் நேரில் போய் நகல் எடுத்து முத்திரை வைக்க வேண்டும். தன் எல்லைக்கு வெளியே முத்திரை வைத்தால் அவர் வேலை போகும். கட்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது மனுதாரர் பொறுப்பு. இதைக் கேட்டு எல்லாருக்கும் நிம்மதியாயிற்று. பொறுப்பு நம்முடையது என்று தெரிந்துவிட்டால் ஜனங்களுக்கு ஒரு தெளிவு வந்துவிடுகிறது.

தையல்நாயகியின் மனுவிலும் மாவு மில்தான் எழுதியிருந்தது. தென்கரைக்கு நேர் பஸ் இருந்ததால் வக்கீல் சொன்ன இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்று அவள் முதலில் மில்லுக்குப் போனாள். மில்காரர் மூக்கில் ஒட்டிய மாவோடு ஏக்கமாகப் பார்த்தார். “நீங்களும் இங்க வாழ்ந்தவங்கதானா? எல்லாரும் வந்து விசாரிக்கிறாங்க, ஒரு கட்டும் வந்து தங்க மாட்டேங்குது. இவ்வளவு பேருக்கு எடம் கொடுத்த பாவத்துக்கு ஒண்ணாவது வரலாம்ல?”

அடுத்து, அவளும் அவள் புருஷன் உலகநாதனும் குடியிருந்த மண்ணடிச் சந்து வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரரின் மகள் கதவைப் பாதி திறந்துகொண்டே, “கட்டா? இந்த வீட்டுக்கா? சத்தமா சொல்லாதீங்கம்மா, கட்டு வராத வீடுன்னு சொல்லித்தான் மாடிக்கு ஆள் வச்சிருக்கோம்” என்றாள். சமையலறை, கூடம், பரண் எல்லாம் காட்டினாள். எங்கும் இல்லை. தையல்நாயகி தெருவில் இறங்கி நின்றாள். ஒரு வீட்டில் பதினோரு வருடம் இருந்துவிட்டு, அங்கே வாழவில்லை என்று ஒரு காகிதக் கட்டு சொல்வது அவளுக்கு அவமானமாக இருந்தது. தப்பு என்று சொல்லவும் முடியவில்லை.

நோட்டீசின் உயிர் போக ஒரு வாரம்கூட இல்லை. வேறு வழியில்லாமல் அவள் மேட்டுப்புறத்துக்குப் போனாள். உலகநாதன் அங்கே மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டில் இரண்டாவது மனைவி செண்பகம். தேவசகாயம் துணைக்கு வந்து, உள்ளே வராமல், எதிர்ச்சாரியில் இளநீர்க் கடையில் நின்றுகொண்டார்.

செண்பகம் பாய் போட்டாள், மோர் கொடுத்தாள், விஷயத்தைக் கேட்டதும் கைதட்டினாள். “கல்யாணமாக்கா! எதிர்ல நிக்கிறாரே, வெள்ளை வேட்டி, அவரா? இளநியக் குடிக்காம கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறாரு பாவம். எங்க வீட்டுக்கு எந்தக் கட்டும் வரலக்கா. வந்திருந்தா நீங்களே வந்த மாதிரி நினைச்சு வச்சிருப்பேன்.”

உலகநாதன் செம்புக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தார். “மண்ணடிச் சந்துலதான இருக்கணும்.”

“பாத்துட்டேன். இல்ல.”

“அப்ப உங்க அக்கா வீட்டு மாடி. ஆடிக்குப் போயிருந்தமே.”

“நான்தான் போனேன். நீங்க வாசல்லயே நின்னு வடைய வாங்கித் தின்னுட்டுத் திரும்பிட்டீங்க.”

“இப்பவும் அதேதான்க்கா,” என்றாள் செண்பகம். “எங்க அம்மா வீட்டுப் படி இன்னும் ஏறல. சரி, வெக்கத்த விட்டுக் கேக்குறேன், ஒரே வீட்ல இருந்திருக்கீங்க. இவருக்குப் பகல் வேலை. உங்களுக்கு?”

“ராத்திரி. ஆஸ்டல்ல விடியக்காலைச் சமையல்.”

“அப்ப இவரு வரும்போது நீங்க கிளம்பிருவீங்க. நீங்க வரும்போது இவரு கிளம்பிருவாரு. சண்டையாவது எங்க போட்டீங்க? சண்டை போடாம எப்பிடி விவாகரத்து வாங்குனீங்க?”

“பஸ்ல,” என்றார்கள் இரண்டு பேரும்.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாவட்டத்தையும் தொட்டு ஓடும் டவுன் பஸ். விடுதி வேலை முடிந்து தையல்நாயகி அதில் வருவாள். மண்ணடிச் சந்து நிறுத்தத்தில் உலகநாதன் வேலைக்கு ஏறுவார். அவள் அங்கே இறங்க வேண்டும். இறங்க மாட்டாள். ‘சந்தையில காய் வாங்கணும்’ என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்தே இருப்பாள். சந்தை நிறுத்தம்வரை சேர்ந்து போவார்கள். வீட்டு வாடகையும் எண்ணெய் விலையும் பிள்ளை இல்லாத குறையும் எல்லாம் அந்த இருக்கையில்தான் பேசினார்கள். பேச்சு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பிரிந்துவிடலாம் என்பதையும் அங்கேயே, டிக்கெட் வாங்கிய கையோடு பேசி முடித்தார்கள்.

மறுநாள் பஸ் நிலையத்தில் விசாரித்தபோது கண்டக்டர் பூமிநாதன் ஆச்சரியப்படவே இல்லை. “மூணாவது வரிசை, இடது பக்கம். பத்து மாசமா வருதும்மா. காலைல மொத ட்ரிப்புக்கு முன்னாடியே வந்து உக்காந்திரும். செக்கர் ஒருநாள் டிக்கெட் இல்லன்னு எறக்கிவிடப் பாத்தாரு, அது அசையல, அவரே எறங்கிட்டாரு. ஆடி வெள்ளிக்குப் பயணிங்க அதுக்கும் கூழு ஊத்துனாங்க.”

இடம் தெரிந்துவிட்டது. எந்த மாவட்டம் என்பதுதான் தெரியவில்லை. பஸ் மேட்டுப்புறத்தில் கிளம்பி, தென்கரை வழியாகப் போய், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வடகரையில் முடிகிறது. மூன்று நீதிமன்றங்களும் கூடிப் பேசி, மூன்று நகல் எழுத்தர்களும் பஸ்ஸில் ஏற வேண்டும், அவரவர் எல்லைக்குள் பஸ் ஓடும் நேரத்தில் அவரவர் நகல் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தன. தீர்ப்பு மூன்று பக்கம். பக்கத்துக்கு ஒரு முத்திரை. இவ்வளவு நியாயமான ஏற்பாட்டைத் தாங்கள் செய்ததில் நீதிமன்றங்களுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அது முடிவாகிக் கடிதம் வந்த நாள், நோட்டீசின் கடைசி நாள்.

மத்தியானப் பஸ்ஸில் எல்லாரும் ஏறினார்கள். பயணிகளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்து, இறங்க வேண்டியவர்கள்கூட இறங்கவில்லை. கட்டு தன் இருக்கையில் இருந்தது, மெலிந்து, ஓரங்கள் பழுத்து. மேட்டுப்புறம் எழுத்தர் நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இரும்புபோல இருந்தது. தையல்நாயகி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கொஞ்சம் இளகியது. செண்பகம் பின்னாலிருந்து, “போய் அந்தப் பக்கம் உக்காருங்க, என்ன புது மாப்பிள்ளை மாதிரி நின்னுகிட்டு” என்று புருஷனைத் தள்ளினாள். உலகநாதன் உட்கார்ந்ததும் நாடா தானாக அவிழ்ந்து மடியில் விழுந்தது. இருவரில் ஒருவர் எழுந்தாலும் அது மறுபடி முடிந்துகொண்டது. அதனால் எழாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின் இருக்கையில் தேவசகாயமும் செண்பகமும். செண்பகம் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். “சாப்பிடுங்கண்ணே. சர்க்கரை இருக்கா? முறுக்குல சர்க்கரை இல்ல, சாப்பிடுங்க.”

முதல் பக்கம் மேட்டுப்புறத்தில் முடிந்தது. இரண்டாவது பக்கம் தென்கரையில் முடிந்தது. தென்கரை எழுத்தர் ஆயிஷா பானு, வேகமாக எழுதும் பெண், வடகரையில் பஸ் ஓடும் தூரம் குறைவு என்று, மூன்றாவது பக்கத்தையும் தன் எல்லைக்குள்ளேயே எழுதிவிட்டாள். ‘இத்திருமணம் இன்று முதல் கலைக்கப்படுகிறது’ என்ற கடைசி வரியை ஒத்துப் பார்த்து, முத்திரையில் மை தொட்டு, கையை உயர்த்தினாள். அந்தக் கணத்தில் பஸ் பாலத்தின் நடுத்தூணைத் தாண்டியது. கை அப்படியே நின்றது.

“போச்சு. வடகரை வந்துருச்சு. இனி நான் வைக்க முடியாது.”

வடகரை எழுத்தர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நீங்க எழுதுனதுக்கு நான் எப்படி முத்திரை வைக்க முடியும்? நான் முதல்லேருந்து எழுதணும்.”

“எழுதுங்க சார்,” என்றார் தேவசகாயம்.

“எழுதலாம். இன்னும் ரெண்டு ஸ்டாப்புல டிப்போ. டிப்போக்குள்ள போயிட்டா அது போக்குவரத்துக் கழக எல்லை. அடுத்த ட்ரிப்புல பாக்கலாம்.”

அடுத்த நடைக்குள் பதிவு அலுவலகம் மூடிவிடும். மகன் பேசிய வேன் மறுநாள் காலையில். தேவசகாயம் கையிலிருந்த முறுக்கை மடித்த காகிதத்தில் திருப்பி வைத்தார். அதை வைத்த விதத்தைத் தையல்நாயகி பார்த்தாள். தன் அறுபத்தொரு வயதில் ஒரு பஸ்ஸிலும் வாய் திறந்து நிறுத்தச் சொல்லாதவள், எழ முடியாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

“கண்டக்டர் தம்பி! பஸ்ஸப் பின்னால எடுக்கச் சொல்லுங்க!”

பஸ் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்து, “பாலத்து மேல ரிவர்ஸ் எடுக்க ரூல் இல்லம்மா” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். “ஆனா பஸ் நின்னுபோச்சு பாருங்க. நின்னுபோன பஸ்ஸ ஜனங்க தள்ளலாம். எந்தப் பக்கம் தள்ளணும்னு ரூல் இல்ல.”

பஸ் காலியாயிற்று. மாணவர்களும் மீன்காரிகளும் ஒரு கல்யாணப் புரோக்கரும் மூன்று எழுத்தர்களும் செண்பகமும் தேவசகாயமும் முன்பக்கம் போய்க் கையை வைத்தார்கள். பின்னால் நின்ற லாரிக்காரர்களுக்கு விவரம் சொன்னதும், “அப்ப சரி, எல்லை விவகாரம்” என்று அவர்களும் இறங்கி, தங்கள் வண்டிகளைப் பின்னால் நகர்த்தி வழிவிட்டார்கள். “ஏலே... ஐலசா” என்று சத்தம் எழுந்தது. பஸ் மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது.

உள்ளே இரண்டு பேர் மட்டும், நடுவில் திறந்த கட்டோடு. பாலத்துக் கம்பிகள் ஜன்னலில் தலைகீழ் வரிசையில் போய்க்கொண்டிருந்தன.

“நல்ல மனுசனா?” என்று உலகநாதன் கேட்டார்.

“மாத்திரை வரிசையில எடம் புடிச்சு வைப்பாரு.”

அவர் தலையாட்டினார். “அந்தச் சந்தையில தினமும் அப்படி என்னதான் காய் வாங்குவ தையலு? கேக்கணும்னு நினைப்பேன்” என்றார்.

“ஒண்ணும் வாங்க மாட்டேன். நம்ம தெருமுனையிலயே எல்லாம் கெடைக்குமே.” அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சும்மா, உங்க பட்டறை வரைக்கும்.”

வெளியே யாரோ ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்றார்கள்.

“என் பட்டறை சந்தை ஸ்டாப்புல இல்ல,” என்றார் உலகநாதன். “அதுக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னாடி. திரும்பி நடந்துருவேன்.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் கம்பி இல்லாததால் வேட்டி நுனியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கட்டுக்குள் ஒரு தாளும் சலசலக்கவில்லை.

“நடுத்தூணு தாண்டியாச்சு!” என்று வெளியே குரல் கேட்டது. ஆயிஷா பானு படியில் தாவி ஏறி, மூச்சு வாங்க, மூன்றாவது பக்கத்தின் மேல் முத்திரையைக் குத்தினாள். ஆற்றின் இரு கரையிலும் கேட்கும்படி ஜனங்கள் விசில் அடித்துக் கைதட்டினார்கள். தாங்கள் விவாகரத்துக்குக் கைதட்டுகிறோமா கல்யாணத்துக்குக் கைதட்டுகிறோமா என்று ஒருவரும் குழம்பவில்லை. டிரைவர் சாவியைத் திருப்பினார். பஸ் உடனே கிளம்பியது. பதிவு அலுவலக நிறுத்தத்தில் தையல்நாயகியும் உலகநாதனும் எழுந்தபோது நாடா தானாக முடிந்துகொண்டது. கட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு டிப்போவுக்குப் போயிற்று.

பதிவாளர் கடிகாரத்தையும் நகலையும் மாறி மாறிப் பார்த்தார். “மூணு சாட்சி வேணும்.”

செண்பகம் முதலில் போட்டாள். ஆயிஷா பானு அடுத்து வந்தாள். “எல்லைக்கு வெளிய நான் வெறும் மனுஷிதான் சார், எதுல வேணாலும் கையெழுத்துப் போடலாம்.” மூன்றாவதாக உலகநாதன் பேனாவை வாங்கினார்.

“பொண்ணுக்கு என்ன உறவு?” என்று பதிவாளர் கேட்டார்.

உலகநாதன் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

“அண்ணன்னு போட்டுத் தொலைங்க,” என்றாள் செண்பகம் மெதுவாக.

“முன்னாள் கணவர்,” என்றார் தேவசகாயம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவராக.

பதிவாளர் நிமிர்ந்தார். “முன்னாள் கணவர் சாட்சி போடக் கூடாதுன்னு விதி இல்ல. போடலாம்னும் இல்ல. எழுதிக் கேட்டா பதில் வர ஆறு வாரம் ஆகும். வேற ஏதாவது உறவு இருந்தா சொல்லுங்க.”

“தெரிஞ்சவர்னு போடுங்க,” என்றாள் தையல்நாயகி.

அது பதிவாளருக்குப் பிடித்திருந்தது. எழுதிக்கொண்டே, வழக்கமான அடுத்த கேள்வியைக் கேட்டார். “எவ்வளவு காலமா தெரியும்?”

அவள் எதையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவள். கல்யாணம் ஆன பதினோரு வருடத்தை நினைத்தாள், பிறகு வந்த இருபத்தேழை நினைத்தாள், இரண்டையும் கூட்டவில்லை.

“இன்னிக்கு மத்தியானத்துலேருந்து,” என்றாள்.

பதிவாளர் அப்படியே எழுதிக்கொண்டு, தேதியைப் போட்டு, மாப்பிள்ளையைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டார்.